ஏழாவது வரிசையின் கடைசி இருக்கை

அரங்கத்தின் வரைபடத்தில் ஏழாவது வரிசைக்குப் பதின்மூன்று இருக்கைகள். எங்கள் டிக்கெட் இணையதளத்துக்காக நான் வரைந்ததில் பதினான்கு இருந்தன. கடைசி இருக்கை சிவப்பாக இருந்தது. யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். விற்பனையோ இன்னும் தொடங்கவே இல்லை.

அழித்தேன். காபி எடுத்து வருவதற்குள் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. ஆறு தடவை அழித்தேன், ஆறு தடவையும் வந்தது. வாங்காமல் பிடித்து வைத்த இருக்கை பத்து நிமிடத்தில் தானாக விடுபட வேண்டும். இதை யாரோ ஒன்பதாவது நிமிடத்தில் மறுபடி மறுபடி பிடித்தார்கள்.

"நாலு மணிக்கு விற்பனை. எண்ணிக்கை உதைச்சா அரங்கமும் போச்சு, உன் வேலையும் போச்சு," என்றார் மேலாளர். "நேர்ல போய் எண்ணித் தொலை, தாயே."

போனேன். அரங்கப் பணியாளர் கதவைத் திறந்துவிட்டார். எண்ணினேன். பதின்மூன்று. அதற்கப்புறம் வெறும் தரை, பிறகு சுவர்.

"பதிமூணுதானே அண்ணே?"

"முப்பது வருஷமா பதிமூணுதான்மா. நாற்காலி என்ன குட்டியா போடும்?"

எரிச்சலோடு கைபேசியிலேயே ஏழாவது தடவையாக அழித்தேன்.

அவர் சுவரிலிருந்த விளக்கை அணைக்க வரிசைக்குள் நடந்தார். பதின்மூன்றாவது இருக்கையைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, "கொஞ்சம் காலை மடக்கிக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு அந்த வெறும் தரையைக் கடந்து போனார்.

கைபேசி அடித்தது. மேலாளர்.

"எண்ணிட்டேன் சார்," என்றேன். "பதினாலு."