எண்ணெய்க் கறை

பழைய நூற்பாலையைச் சொகுசு ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த கூடம் இப்போது படுக்கையறைகள். பெயிண்டர் சூப்பர்வைசரைக் கூட்டிப்போய்க் காட்டினார். உட்கார்ந்தால் தலை சாயும் உயரத்தில், சுவரில் எண்ணெய்க் கறை.

"ரெண்டு கோட்டு அடிச்சாச்சு சார். என் மாமியார்கூட இப்படித் திரும்பித் திரும்பி வந்ததில்ல."

"பழைய சுவருன்னா உள்ளேருந்து ஊறும்ணே."

"இதுவா பழசு? போன மாசம் நீங்கதானே சார் புதுசா போர்டு வச்சுத் தடுத்து இந்தச் சுவரையே எழுப்புனீங்க!"

சூப்பர்வைசர் கறையைத் தொட்டான். விரல் பிசுபிசுத்தது.

அவன் வீட்டிலும் கட்டிலை ஒட்டிய சுவரில் இப்படியொரு கறை இருந்தது. மனைவியின் தலை பட்டுப் பட்டு வந்தது. அவள் செத்ததும், தம்பி மனசு ஆறட்டும் என்று அக்கா வெள்ளையடித்துவிட்டாள். தினமும் எழுந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பான். வெறும் வெள்ளையாக இருக்கும்.

"இந்தச் சுவருக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருக்காண்ணே?"

"அரை டப்பா கிடக்கு. கறை திரும்பி வர்ற பெயிண்டைப் போய் யாராச்சும் கேப்பாங்களா சார்?"

அன்று சாயங்காலம் வீட்டுச் சுவருக்கு அவனே அடித்தான். காய்ந்ததும் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டான். சுவரோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, விளிம்பில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான்.