மூச்சுத் துளை

"என்னப்பா, ஒரு இருமல் சத்தம்கூடக் காணேல்லை?"

நேசமலர் கேட்டாள். சின்னராசா எஞ்சினை முடுக்கும் கயிற்றை மறுபடியும் சுண்டி இழுத்தான். எஞ்சின் வாயே திறக்கவில்லை.

ஊதிப் பெருத்த மூன்று சக்கரங்களோடு நின்றது அந்த வண்டி. இரணைமடுக் குளத்து வேலைக்கு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர், அணைக்கட்டில் விளையாட்டுக்கு ஓடவென்று கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பியபோது மெக்கானிக் சின்னராசாவிடம் விட்டுப் போனார். சேறு கழுவி, எண்ணெய் மாற்றி, சங்கிலிக்குக் கிறீஸ் போட்டு அவனும் பிள்ளை மாதிரித்தான் பார்த்துவந்தான்.

இன்றைக்கென்று பார்த்து மக்கர் பண்ணியது. மாரி வெள்ளத்தில் உருத்திரபுரத்து றோட்டே தெரியவில்லை. உழவு மெசின்களும் சேற்றில் புதைந்து கிடந்தன. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவம். மருத்துவமாது நேசமலர் அங்கே போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

"பதறாதேங்கோ. இன்னும் நேரம் கிடக்கு," என்றாள், எஞ்சினியர் விட்டுப்போன பெரிய மழை அங்கிக்குள் இருந்தபடி.

"உமக்குப் பழகின வேலை. எனக்கெல்லோ பதறுது."

பிளக்கைக் கழற்றி, எஞ்சினில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தான். நீலப் பொறி பறந்தது.

"கரண்ட் வருது. பிளக் காய்ஞ்சு கிடக்கு. அப்ப பெற்றோல்தான் வரேல்லை."

காபரேட்டரின் அடித் திருகாணியைத் தளர்த்தினான். மழைத் தண்ணீர் வடிந்தது. சுத்தமான பெற்றோல் வரும்வரை விட்டு இறுக்கினான். பிளக்கைப் பூட்டி இழுத்தான். வண்டி படபடவென்று உயிர்த்தது.

"ஏறும், ஏறும்!"

"பள்ளம் கிடங்கு பாத்து மெல்ல ஓடுங்கோ. பைக்குள்ளை போத்தல் கிடக்கு."

வண்டி வாத்துப் போல வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நடுவயலில் இரண்டு தரம் விக்கி, நின்றுவிட்டது.

சின்னராசாவுக்கு அழுகையே வந்தது. பெற்றோல் இருந்தது. குழாயும் திறந்துதான் இருந்தது. திரும்பிப் பார்த்தான். நேசமலர் கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்து வாயால் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"மூச்சு எடுக்கிறன். மூச்சு சீரா இருந்தா எல்லாம் சுகமா நடக்கும். எல்லாருக்கும் அதைத்தானே சொல்லுறனான்."

"மூச்சு!" சின்னராசா துள்ளினான். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"மூடியிலை இருக்கிற துளையைச் சேறு அடைச்சுப் போட்டுது. காத்து உள்ளை போகாட்டிப் பெற்றோல் எப்பிடி இறங்கும்? உம்மடை கொண்டை ஊசியைத் தாரும்!"

குத்தித் துளையைத் திறந்து ஒரே இழுவை. எஞ்சின் முழங்கியது.

"இனி மெசினுகளுக்கும் நீர்தான் வைத்தியம் பாக்க வேணும்!"

"சிரிக்கப் பண்ணாமல் ஓடுங்கோ!"

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியின் சத்தம் கேட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அழகம்மா ஓடிவந்தாள். மருத்துவமாதின் பையைக் கண்டதும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

"வாங்க மிசி. இந்த மழையில யாருக்குப் பிரசவம் பாக்க வந்தீங்க? வார்டுல ஒருத்தரும் இல்லீங்களே. எல்லாக் கட்டிலும் காலி."

"நல்லதாப் போச்சு," என்று மழை அங்கியைக் கழற்றிய நேசமலர், நிறைமாத வயிற்றை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். "எனக்கு ஒண்டை விரியுங்கோ அக்கா, கெதியா! இவருக்கும் ஒரு கதிரை போடுங்கோ. தகப்பனாகப் போற மனுசன், மயங்கி விழுந்திடுவார்."