தக்காளிப் பெட்டியில் ஒரு முகம்

நகராட்சிக் கூடத்துச் சுவரில் நான் வரைந்த பதினோரு முகங்கள் தொங்குகின்றன. எல்லாம் ரொக்கோவின் பண்ணையில் தக்காளி பறிக்கிறவர்கள். ரொக்கோவே பார்க்க வருவார் என்று நான் நினைக்கவில்லை. பக்காரி தன் படத்துக்குக் கீழேயே நிற்கிறான். ரொக்கோ கண்டுகொண்டால் வேலை போய்விடும், தள்ளிப் போ என்று கண்ணைக் காட்டுகிறேன், அசையமாட்டேன் என்கிறான். ஜன்னல் வெயில் அவன் கன்னத்திலும் படத்தின் கன்னத்திலும் ஒன்றுபோல் விழுகிறது. ரொக்கோ ஒயினை உறிஞ்சிக்கொண்டே வருகிறார். "எங்க தக்காளி டப்பாவிலயும் நியாய வணிக முத்திரை இருக்கும்மா ஓர்னெல்லா. கூலியில நாங்க யாரையும் ஏமாத்தறதில்லை." பக்காரியின் படத்தின் முன் நின்றுவிடுகிறார். "உயிரோட இருக்கு. எந்த நாட்டுக்காரன் இவன்?" மூன்று கோடையாக அவர் வயலில் குனிந்து பறித்தவன் பக்கத்திலேயே நிற்கிறான். அவன் கையிலேயே காலிக் கோப்பையைக் கொடுக்கிறார். தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. ரொக்கோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மூலையைத் தடவுகிறார். பழைய பெட்டிப் பலகை அது, பக்காரி கொண்டுவந்தது. அதில் சூடு போட்டிருந்த பண்ணைக் குறியைச் சாயம் பூசி மறைத்துவிடச் சொன்னான். அழகாக இருக்கிறதென்று நான்தான் விட்டுவைத்தேன். "அட, இது என் பெட்டியாச்சே!" என்கிறார் ரொக்கோ. "எவன் எடுத்துக் குடுத்தான்?"