ரீங்காரத்துக்கு அடியில்

அமைதிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டேன். ஜெபராஜ் அண்ணாச்சி எண்ணூறுக்கு இறக்கினார். என் கார் ஆடியோ கடை வாசலில் நின்றது, அவர் புரோக்கரிடம் பாதி விலைக்கு எடுத்த பழைய கார். இன்ஜின் ஓடினால் ஸ்பீக்கரில் கொசுபோல ரீங்காரம் கேட்கும்.

எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினேன். ரீங்காரம் போனது. அதற்கு அடியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. இன்ஜினை நிறுத்தினேன், ஃப்யூஸைப் பிடுங்கினேன், பேட்டரி வயரையும் கழற்றினேன். மூச்சு கொஞ்சம் வேகமானது.

“இது முன்ன யாரு வண்டி அண்ணாச்சி?”

“ஏன் பாதி விலைன்னு கேட்டா முழு விலை சொல்லிருவான்னு கேக்கவே இல்ல தம்பி.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “நான் இதுல தனியா வீடு போய்ச் சேரணும். பழைய சத்தத்தையே வச்சு விட்டுருங்க.”

“அதுக்குத் தனிக் கூலி ஆகும்” என்றேன். அவர் பேரம் பேசாமல் எடுத்து நீட்டினார்.

ஃப்யூஸையும் பேட்டரி வயரையும் மாட்டி, எர்த் வயரைத் தளர்த்தி, இன்ஜினை ஓடவிட்டேன். ரீங்காரம் திரும்பியது, மூச்சு கேட்கவில்லை. அண்ணாச்சி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பியதும் கடைக்குள் வந்தேன். அலமாரியில் வயரே இல்லாமல் கிடந்த ஸ்பீக்கர் மெதுவாக மூச்சு விட்டது. எடுத்த ரீங்காரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் என் கணக்கில் ஒன்று கூடுதலாக நிற்கிறது.