அனுப்பிய இடம்

"மனுசன் பொய் சொல்லுவான். சாமிகூடச் சில நேரம் பேசாமல் இருக்கும். உலகத்தில பொய்யே சொல்லாத ஒரே சீவன் கொம்பியூட்டர்தான், மிஸ்."

தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி விரிவுரையாளர் றொட்னி இதைச் சிரிக்காமல்தான் சொன்னார். அதிபர் மாக்கிறட் மிஸ்ஸும் சிரிக்கவில்லை. தலைமன்னார் மாணவி அஞ்சலா வீட்டில் எழுதி இணையத்தில் அனுப்பிய ஒப்படைகள் அத்தனையும் இந்தியாவில், இராமேஸ்வரத்தில் இருந்து வந்ததாகத் திரை காட்டியது.

அங்கே யாரையோ பிடித்து எழுதுவிக்கிறாள் என்பது றொட்னியின் முடிவு. எங்கள் ஊர்க் கரையில் இருந்துதான் அனுப்பினேன் என்று அவள் அழுது சத்தியம் செய்ததை வகுப்பிலேயே நடித்துக் காட்டினார். இணையத்தில் சத்தியம் என்ன விலை போகும் என்று கேட்டுச் சிரிக்கவும் வைத்தார்.

பரீட்சைப் பட்டியல் இன்று நாலு மணிக்கு மூடுகிறது. களவு உறுதியானால் அவள் பெயர் வெட்டுப்படும். படித்த படிப்பெல்லாம் வீண். கையும் மெய்யுமாகப் பிடிக்க, றொட்னி மோட்டார் சைக்கிளில் தலைமன்னாருக்கே போனார்.

கவிழ்த்து வைத்த வள்ளத்தின் மேல் அஞ்சலா போனோடு இருந்தாள். கணினி படிக்கிறவளிடம் கணினி இல்லை.

"ஆர் உமக்கு எழுதித் தாறது?"

"ஒருத்தரும் இல்லை சேர். கேள்வி கேட்டுப் பாருங்கோ."

கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். சந்தேகம் இன்னும் கூடியது. நன்றாகப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் போய் அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தார். அங்கே இந்தியர் எவரும் இல்லை.

நாலு மணி நெருங்கியது. அதிபருக்கு அவள் மேல் முறைப்பாட்டைத் தட்டி முடித்தபோது அவருடைய போனில் சிக்னலே இல்லை.

"என்ர இணைப்பைத் தரட்டோ சேர்?"

தன் கழுத்துக்குத் தானே கயிறு தருகிறாளே என்று வியந்தபடி வாங்கி, கல்லூரித் தளத்துக்குள் போய், அவள் பெயரை வெட்டச் சொல்லி அனுப்பினார்.

உடனே மாக்கிறட் மிஸ்ஸின் பதில் வந்தது. "றொட்னி, உம்மட முறைப்பாடும் இராமேஸ்வரத்தில இருந்துதான் வந்திருக்கு. உமக்கும் அங்க ஆள் இருக்கோ?"

அஞ்சலா கடலுக்கு அப்பால் கையைக் காட்டினாள். "எங்கட டவர் இந்தக் கரைக்கு எட்டாது சேர். மாமா மண்டபத்தில இருந்து கொண்டுவந்த சிம்முக்கு அக்கரை டவர் எட்டும். அண்டைக்கே சொல்ல வந்தனான், நீங்கள் விடேல்லை."

றொட்னி வள்ளத்தின் மேல் ஏறி, அவள் பக்கத்தில் குந்தித் தட்டினார்: "மிஸ், அந்தோனியார் அறியச் சத்தியமா, நான் தலைமன்னாரிலதான் நிக்கிறன். பிள்ளையின்ர பெயரை வெட்டாதேங்கோ."