மனைவி என்ற பலகை

அவன் என் இடது பக்கம் உட்கார்ந்தால் போதும், அந்தப் பக்கத்துக் காதில் எதுவும் விழாது என்று லீஹுவா நினைத்துக்கொண்டாள். சீனாவில் விவாகரத்துச் சட்டம் மாறியபின், யாங்சி நதிக்கரை நகரொன்றின் குடும்ப நீதிமன்றத்தில் வாதி, பிரதிவாதி என்ற பலகைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். சோபாவுக்கு முன்னாலிருந்த மேசையில் ‘கணவன்’, ‘மனைவி’ என்று இரண்டு சிறிய மரப்பலகைகள் நின்றன.

“புதுச் சட்டம் உங்க பக்கம்தாம்மா,” என்றார் சமரசம் பேசவந்த நடுவர். “விவாகரத்து எங்கேயும் போயிடாது. ஒரே ஒரு தடவை அவர் கையைப் பிடிச்சுப் பாருங்க. இந்த அறையில எத்தனையோ பேர் பிடிச்சு, அழுதுக்கிட்டே சேர்ந்து வீட்டுக்குப் போயிருக்காங்க.”

“சத்தமா சொல்லுங்க மேடம்,” என்று கணவன் சிரித்தான். “அவளுக்கு ஒரு காது மந்தம்.”

எப்படி மந்தமானது என்று நடுவர் கேட்கவில்லை.

அவன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தான். அந்தக் கையின் கனம் அவளுடைய இடது காதுக்குத் தெரியும். அந்தக் காது கடைசியாகக் கேட்டது, அந்தக் கை விழுந்த சத்தத்தைத்தான்.

லீஹுவா ‘மனைவி’ என்ற பலகையை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். பிறகு தன் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, வலது காதை நடுவர் பக்கம் திருப்பினாள்.