தலைவி வீட்டுத் தெரு

என் மனைவி தேன்மொழி பேரூராட்சித் தலைவியான முதல் மாதமே, ஊரில் எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஒரு செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் ஒப்படைத்தாள். கூடவே ஓர் உத்தரவும் போட்டாள்: தலைவி வீட்டுக்கு எல்லாம் கடைசியில்தான் வர வேண்டும்.

சிபாரிசு ஒழிந்தது. ஊரெல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. தெரு முழுவதற்கும் ஒரே குழாய் என்பதால், இயந்திரம் எங்கள் தெருவையே கடைசியில் தள்ளிவிட்டது. எங்கள் முறை வருவதற்குள் தொட்டி காலியாகிவிடும். ஐந்து வருடமாக நான் அடுத்த தெருவிலிருந்து குடம் சுமக்கிறேன். தலைவியின் கணவன் என்று வழிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

மறுபடியும் தேர்தல் வந்தது. எதிர்வீட்டு ஜமீலா அக்கா நேராகவே சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. நீ தோத்தாத்தான் எங்களுக்குத் தண்ணி வரும்."

"அந்த உத்தரவ மாத்தித் தொலையேன்" என்றேன் நான்.

"மாத்துனா, வீட்டுக்காக மாத்திட்டான்னு ஊரே பேசும்" என்றாள் தேன்மொழி.

இன்று முடிவு வந்தது. மூவாயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். வாசலில் வேட்டு வெடிக்கிறார்கள். நான் வாக்குச்சாவடி வாரியான பட்டியலைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கென்று இருந்த தனிச் சாவடியில் பதிவானவை அறுபத்திரண்டு வாக்குகள். அவளுக்கு ஒன்றுகூட விழவில்லை.

என் ஓட்டு எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"எனக்கு மட்டும் தண்ணி வேணாமா?" என்றாள், கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் குடத்தை நீட்டியபடி.